ராஜமேரி திருப்பிக் கேட்ட வார்த்தை

ராஜமேரிக்கு வரும் கடிதங்களில் பாதிக்குமேல் சரியான முகவரி இருக்காது. ‘தோ வந்துட்டேன் அக்கா, தர்மபுரி’ என்று மட்டும் எழுதி ஒரு கார்டு வந்தது. இன்னொன்றில் ‘கண்ணு பாட்டுப் பாடும் அம்மா, அதியமான்கோட்டை, ரோட்டு மேலேயே வீடு’ என்று இருந்தது. தபால்காரர் மாது ஒன்றுவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். சேர்க்கும்போது வாசலில் சைக்கிளை நிறுத்தி, உள்ளே கேட்கிற மாதிரி, “தோ வந்துட்டேன் கண்ணு” என்பார். அவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அந்த வருஷங்களில் மாவட்டமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் நான்தான். அதனால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் கடமை இருக்கிறது.

ராஜமேரி அக்கா பிறந்தது கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற ஒரு வேதக்காரக் குடும்பத்தில். மாதா கோயில் பாடகர் குழுவில் எல்லாரையும்விட உயரம் என்பதால் எப்போதும் பின்வரிசையில் நிறுத்திவிடுவார்கள். பின்வரிசையிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டுத்தான் பூஞ்சோலை மெல்லிசைக் குழு நடத்தும் குப்புராஜ் ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணமான பிறகு கணவர் சவரி ஒப்புக்கொண்டார். பாலக்கோடு சர்க்கரை ஆலையில் பிட்டர் வேலை அவருக்கு. கோயிலில் பாடினாலும் வெளியில் பாடினாலும் தொண்டை ஒன்றுதானே என்றாராம்.

மேடையில் அக்கா ஆடமாட்டார், சிரிக்கமாட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி மைக்கையே பார்த்தபடி பாடுவார். பாட்டு நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருக்கும். காதல் பாட்டானாலும் சரி.

எனக்கு தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கேசட் பதிவுக் கடை. ஜனங்கள் காலிக் கேசட்டோடு, வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். பதிந்து கொடுப்பேன். குப்புராஜ் கேட்டுக்கொண்டால் கச்சேரிகளுக்கும் டேப் ரெகார்டரைத் தூக்கிக்கொண்டு போய், மேடை ஓரத்தில் ஆம்ப்ளிபயரில் ஒரு ஒயரைச் செருகிக்கொண்டு உட்காருவேன். எண்பத்திரண்டாம் வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் நடந்த கச்சேரிக்கும் அப்படித்தான் போனேன்.

மத்தியானக் கச்சேரி. அக்காவுக்கு அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை. மேடைக்குப் பின்னால் தூளி கட்டி சவரி ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு காதல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். பல்லவி முடிந்து, சரணத்துக்கு முன்னால் தர்மன் புல்லாங்குழலை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை பசியில் வீறிட்டது. அக்கா தலையைத் திருப்பினார். மைக்கிலிருந்து போதுமான தூரம் திருப்பவில்லை.

“தோ வந்துட்டேன் கண்ணு.”

அவ்வளவுதான். திரும்பி, தாளம் தப்பாமல் சரணத்தை எடுத்துவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை.

கடைக்கு வந்து கேசட்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். இருமல், செருமல், ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ எல்லாவற்றையும் எடுத்துவிடுவது வழக்கம். இந்த இடம் வந்தபோது விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. சிறுபத்திரிகைகளில் வருகிற கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. கவிதை மாதிரி ஒலிக்காத வரியைத்தான் தேடித் தேடிப் படிப்பேன். மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு அப்படியே விட்டேன்.

அந்தக் கேசட்டைப் பாலக்கோடு போகும் ஒரு தனியார் பஸ் டிரைவர் பிரதி எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்குள் எல்லாப் பாட்டு லிஸ்ட்டிலும் அது வந்தது. பாட்டின் பெயரை யாரும் எழுதுவதில்லை. ‘தோ வந்துட்டேன் பாட்டு’ என்று எழுதுவார்கள். அதே பாட்டை சினிமாவில் பாடியவர் குரலில் பதிந்து கொடுத்தால், “இது இல்லீங்க, இது டூப்பு, ஒரிஜினல் குடுங்க” என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். ஓடி வருகிறவரைப் பார்த்துக் கண்டக்டர் சொன்னார். டீக்கு அவசரப்படுத்தினால் மாஸ்டர் சொன்னார். ஒகேனக்கல்லில் அக்கரையில் நின்று கூப்பிட்டால் பரிசல்காரர் துடுப்பைப் போட்டபடி சொன்னார். ஒரு மினி லாரியின் பின்னால் பெயிண்டில் எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

கச்சேரிகளில் மேடைக்கு வரும் துண்டுச் சீட்டுகளிலும் அதே பாட்டு. நேயர்கள் பேரும் ஊரும் எழுதி, வேண்டிய பாட்டைக் கேட்டு அனுப்புகிற சீட்டுகள் அவை. குப்புராஜ் விடுவாரா? ஆர்கன் பெட்டியில் குழந்தை அழுகிற சத்தத்தைக் கொண்டுவரப் பழகினார். புல்லாங்குழல் இடத்தில் ஆர்கன் அழும், அக்கா தலையைத் திருப்பி அதைச் சொல்லுவார், கூட்டம் விசிலடிக்கும். குழந்தை தூளியிலிருந்து இறங்கி, நடந்து, பேச்சு வந்து, கச்சேரிக்கு வருவதையே நிறுத்திவிட்டது. ஆர்கன் மட்டும் ஐந்து வருஷமாக அழுதுகொண்டிருந்தது.

அக்காவுக்கு அது வெறுப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. கடிதங்களைச் சாக்லேட் டின்னில் போட்டு வைத்திருந்தார். கேலிக் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டு மற்றதை வைத்துக்கொள்வார். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் குள்ளம்மாள் என்பவர் யாரையோ விட்டு எழுதச் சொன்ன கடிதம் ஒன்றை எனக்குக் காட்டினார். பையனை ஊரில் நாத்தனாரிடம் விட்டிருக்கிறார். அவனுக்கு இந்தக் கேசட்டைக் கொடுத்திருக்கிறார். ராத்திரி அந்த இடம் வந்தால் அவன் தூங்கிவிடுகிறானாம். ‘நீங்க அவன்கிட்ட போறப்ப நானும் போற மாதிரி’ என்று முடிந்திருந்தது. அக்கா அதை இரண்டாக மடித்து மறுபடி டின்னுக்குள் வைத்தார்.

எண்பத்தேழில், காலாண்டுப் பரீட்சை முடிகிற சமயம், பள்ளிக்கூடத்தில் அது நடந்தது. மகள் ஒன்றாம் வகுப்பு. சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியோடு அக்கா போயிருந்தார். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் கல்லில் இடறி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். அக்கா போசியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஓடும்போது வாய் தானாகவே அதைச் சொல்லிவிட்டது.

சுற்றி நின்ற பிள்ளைகள் ஒரு விநாடி பார்த்தன. பிறகு எல்லாம் சேர்ந்து சிரித்தன. நாலைந்து பிள்ளைகள் ஆர்கன் மாதிரியே அழுது காட்டி, தலையைத் திருப்பித் திருப்பி அதைச் சொல்லின. முன்பே அவளுக்கு அங்கே பட்டப்பெயர் ‘கண்ணு’தான் என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. தூக்கப்போன கையை மகள் தட்டிவிட்டாள். ரத்தத்தோடு தானே எழுந்து வகுப்புக்குள் போனாள்.

சாயந்திரம் காயத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டு முடித்த பிறகு சொன்னாளாம்: “ஊருக்கெல்லாம் வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்றே. எனுக்கு மட்டும் போய்ட்டு வரேன்னு சொல்றே. இனிமே அத எங்கிட்ட சொல்லாத.”

இரண்டு நாள் கழித்து ராஜமேரி அக்கா என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு, “அந்த மொதல் கேசட் இன்னும் இருக்குதா தம்பி?” என்றார்.

அலமாரியிலிருந்து எடுத்து வைத்தேன்.

“அழிச்சுடு.”

அழிக்கலாம், ஆனால் பிரயோசனமில்லை என்று சொன்னேன். என்னிடமிருந்து போன பிரதிகளே எத்தனை என்று எனக்குத் தெரியாது. பிரதிகளுக்குப் பிரதி, அதற்கும் பிரதி. ஓசூரில் ஒரு ஓட்டலில் கேட்டேன். பதிந்து பதிந்து தேய்ந்து, கொசு பாடுகிற மாதிரி ஆகியிருந்தது. அப்போதும் அந்த இடத்தில் சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அக்கா கேசட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னிக்கே இத வெட்டிருக்கலாம் இல்ல?”

“வெட்டத்தான் உக்காந்தேங்க்கா.”

“அப்பறம்?”

“அந்த எடம் மட்டும் பாட்டு மாதிரி இல்லாம இருந்துச்சு.”

அது நல்லதா கெட்டதா என்று கேட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேசட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றை அழித்து என்ன ஆகப்போகிறது, இருக்கட்டும் என்றார். அடுத்து வரும் பாலக்கோட்டுக் கச்சேரியிலிருந்து அதைச் சொல்லப்போவதில்லை, குப்புராஜ் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே என்றார். வேறு ஒன்றுக்கும் இல்லை, பிள்ளை மறுபடி விழுந்தால் கூப்பிட எனக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்றார்.

பாலக்கோட்டுக் கச்சேரி ஆயுத பூஜைக்கு, தக்காளி மண்டியில். கூடை தூக்கும் ஆட்கள் சேர்ந்து ஏற்பாடு செய்தது. அவர்களுக்குத் தலைவர் கிருஷ்ணப்பன். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், நல்ல தோள், மெதுவான பேச்சு. நடிகர்களுக்குத்தான் ஊர் ஊராக மன்றம் இருக்கும். இவர்கள் ‘பாடகி ராஜமேரி ரசிகர் மன்றம்’ என்று போர்டு மாட்டி, ரப்பர் ஸ்டாம்புகூடச் செய்து வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் பதினேழு பேர். பதினேழு பேரில் ஒருவர்கூட அக்காவிடம் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கச்சேரி முடிந்து அவர் வேனில் ஏறும்போது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பார்கள்.

இரண்டு டிராக்டர் டிரெய்லரைச் சேர்த்து மேடை. பின்னால் காலிக் கூடைகளை அடுக்கிச் சுவர் மாதிரி கட்டியிருந்தார்கள். தராசுக்கும் தள்ளுவண்டிக்கும் பொட்டு வைத்து மாவிலை கட்டியிருந்தது. நாலு மணிக்கு ஆரம்பித்தது. நான் வழக்கம்போல ஓரத்தில் டேப்போடு உட்கார்ந்திருந்தேன். வருகிற சீட்டுகளை வாங்கி அடுக்கித் தருவதும் என் வேலை. முப்பது சீட்டு வந்திருந்தால் இருபத்தைந்தில் அந்தப் பாட்டு.

ஐந்து மணி சுமாருக்குக் குப்புராஜ் சைகை காட்டினார். அக்கா பல்லவியைப் பாடினார். தர்மன் புல்லாங்குழலைத் தூக்கினார். ஆர்கன் அழுதது.

அக்கா தலையைத் திருப்பவில்லை.

ஆர்கன் இன்னொரு முறை, இன்னும் பலமாக அழுதது. கூட்டம் பொறுக்காமல் தானே அதைச் சொன்னது, ஆயிரம் பேர் ஒரே குரலில். சொல்லிவிட்டு சிரித்து, அக்கா சரணத்தை எடுப்பதற்காகக் காத்திருந்தது. அவர் எடுக்கவில்லை. கிட்டார் நின்றது, ஆர்கன் நின்றது, தபலாக்காரர் மட்டும் விவரம் தெரியாமல் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு நிறுத்தினார்.

அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தை யாருக்காகச் சொன்னது என்பதைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை விழுந்ததை, மற்றப் பிள்ளைகள் சிரித்ததை, கையைத் தட்டிவிட்டதைச் சுருக்கமாகச் சொன்னார். பாடுகிற குரலில் இல்லை. கடையில் என்னிடம் சொன்ன அதே குரலில்தான்.

“அது எங்க புள்ளெக்கி சொன்னதுங்க. அஞ்சு வருசமா ஒங்களுக்கும் சொன்னேன். இப்ப புள்ள அத திருப்பிக் கேக்குது. நான் எடுத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க.”

பின்னாலிருந்து ஒரு விசில் வந்து பாதியில் நின்றது. யாரோ, “பாட்டப் பாடுமா” என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சீட்டும் வரவில்லை. சீட்டு நின்றால் கச்சேரி செத்தது என்று குழுவில் அர்த்தம். குப்புராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது குத்துப் பாட்டை எடு என்று கிட்டார்காரரிடம் முணுமுணுத்தார். அக்கா மைக்கை விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

நான் கிருஷ்ணப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடைச் சுவருக்குப் பக்கத்தில் ஆட்கள் அவரைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருவர் கோபமாகக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இன்னொருவர் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். ஒரு தாளைக் கிழித்தார்கள், பேனா தேடினார்கள், ஒருத்தர் மண்டி ஆபீசுக்கு ஓடிவிட்டு வந்தார். பிறகு கிருஷ்ணப்பன் எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து சீட்டை என் கையில் கொடுத்தார். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சீட்டில் மன்றத்தின் ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தது. ஓடிய ஆள் அதற்குத்தான் ஓடியிருக்கிறார்.

அக்காவிடம் நீட்டினேன். படித்தார். மேடையில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே மைக்கில் அதைப் படித்துக் காட்டினார்:

“அக்கா, பாப்பா சொன்னா சரிதான். இனிமே கேக்க மாட்டோம். ஆனா எங்ககிட்ட இருக்கற கேசட்ட அழிக்க மாட்டோம். இப்படிக்கு, பதினேழு பேர்.”

மண்டி முழுக்கச் சிரித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்த மாதிரி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. “வச்சுக்குங்க, அது ஒங்களுதுதான்” என்றார் அக்கா.

பாட்டை முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். புல்லாங்குழல் இடம் வந்தபோது குப்புராஜ் கையை ஆர்கனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஒருத்தர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து துண்டால் ஒரு அடி விழுந்தது. தர்மன் வாசித்தார். அந்த இடத்தில் அவர் வாசிப்பதை ஐந்து வருஷமாக யாரும் முழுதாகக் கேட்டதில்லை. கொஞ்சம் கூடுதலாகவே வாசித்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. பாலக்கோட்டில் பதிந்த கேசட்டைக் கொடுக்க அதியமான்கோட்டைக்குப் போனேன். சவரி தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். மகள் முழங்காலில் கட்டோடு வாசற்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கேசட்டைத்தான் பார்த்தாள்.

“இதுல அது இருக்குதா?”

சனங்கள் ஒரு தடவை சொல்வது இருக்கிறது, அம்மா சொல்வது இல்லை என்றேன். அதை அவளே கேட்டுப் பார்க்க வேண்டுமாம். டேப்பில் போட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா சமையல்கட்டு வாசலில் ஈரக்கையோடு நின்றார். கூட்டம் சொன்னது வந்தபோது குழந்தை முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அம்மா பேசியது வந்தது. அது ஓடி முடிந்ததும் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

“என்னெப் பத்தி எதுக்கு சொன்னே?”

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நானும்தான். “வேற எப்பிடி சொல்றதுன்னு தெரியல.”

“எல்லாரும் சிரிச்சத சொன்னே.”

“சொன்னேன்.”

“கையத் தட்டிவுட்டதயும் சொன்னே.”

சவரி குழாயடியிலிருந்து, ஒனக்காகத்தானே சொன்னாங்க என்று ஆரம்பித்தார். அக்கா வேண்டாம் என்று அவருக்குத் தலையசைத்தார். வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“தப்புதான். ஒன்னெக் கேட்டுட்டு சொல்லிருக்கணும். இனிமே கேக்காம சொல்ல மாட்டேன்.”

மகள் கட்டின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் இரண்டு லாரிகள் போயின. ஒருவேளை போதாது என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, அவிழ்ந்த நூலை முடிந்தார். அவள் காலை எடுக்கவில்லை.

“கீழ வுழுந்தத சொல்லிக்கோ” என்றாள் கடைசியில். “மொத ரேங்குன்னும் சொல்லிக்கோ.”

“ஏழாவது ரேங்குதானே?” என்றார் சவரி.

“அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அக்கா வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

“பேரு மட்டும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பேரு என்னுது.”

“சொல்ல மாட்டேன்.”

மகள் மறுபடி பொத்தானை அழுத்தினாள். பாட்டு ஓடியது. பாதிப் பாட்டில் என் ஞாபகம் வந்து, அம்மா மடியில் சாய்ந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்களுந்தான்” என்றாள்.

சரிம்மா என்றேன்.